பெப்புவில் ஒரு வெள்ளிக்கிழமைக் குளியல்

மல்லிகா ரவிக்கையின் முதல் கொக்கியில் விரலை வைத்தபடி நின்றாள். விரல் அதற்கு மேல் நகரவில்லை.

ஜப்பானில், பெப்பு என்ற ஊரில், ஒரு தெருக்கோடியில் இருக்கும் சின்ன வெந்நீர்க் குளியல் கூடம். உடை மாற்றும் அறையில் நாங்கள் இருவர் மட்டும். சுவரோரம் மூங்கில் கூடைகள். கழற்றிய துணியை அதில் போட்டுவிட்டுப் பிறந்தமேனியாக உள்ளே போக வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் சளசளக்கிறது. பெண்கள் ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள்.

"கொக்கி மாட்டிக்கிச்சு அண்ணி," என்றாள்.

கொக்கி மாட்டவில்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"வேணாம்னா போயிடலாம்மா. யாரு கேக்கப் போறாங்க?"

"ரெண்டு நிமிஷம் கம்முனு இருங்க."

கம்முனு இருந்தேன். அதாவது, வாய் மட்டும். மனசு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பவர்கள் இவளைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டால்? கதவைக் காட்டி வெளியே போகச் சொன்னால்? இவள் அழுதால் நான் என்ன செய்வேன்? இந்தக் கூட்டத்தில் யாரிடம் எந்த மொழியில் சண்டை போடுவேன்?

என் தலையில் வைத்திருந்த நல்லெண்ணெய் நெற்றி வழியாக இறங்கிக் கண்ணோரம் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டேன். அந்த எண்ணெயைப் பற்றி மட்டும் நான் ஒரு நொடிகூடக் கவலைப்படவில்லை. ஊரில் உள்ள அத்தனைக்கும் கவலைப்படுகிறவள், கவலைப்பட வேண்டிய ஒன்றைச் சரியாக விட்டுவிட்டேன்.

முழுக்கை ரவிக்கை

மல்லிகா என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு நேர் இளையவள். வேங்கிக்காலில் அரசாங்க அலுவலகத்தில் வேலை. நான் எட்டாவதோடு நின்றவள், அவள் பட்டம் வாங்கியவள். இந்தத் தொடரில் நான் விடும் எழுத்துப் பிழைகளை உங்களுக்கு முன்னால் பார்த்துத் திருத்துகிறவளும் அவள்தான். அதனால் இந்த வாரம் எழுதப்போவதை முதலில் அவளிடம் கேட்டுக்கொண்டேன்.

"எல்லாத்தையும் எழுதுங்க அண்ணி. ஆனா என்னைக் கொஞ்சம் ஒல்லியா எழுதுங்க," என்றாள்.

பள்ளிக்கூடம் போகிற வயதில் அவள் முழங்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பிறகு கழுத்தில், முதுகில், கால்களில். வெண்புள்ளி. வலிக்காது, ஒட்டாது, உள்ளுக்குள் ஒரு கெடுதலும் செய்யாது. டாக்டர் அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னது எங்கள் வீட்டுக்குக் கேட்டது, தெருவுக்குக் கேட்கவில்லை.

அன்றைக்குப் போட்ட முழுக்கை ரவிக்கைதான். அக்னி நட்சத்திரத்தில் எங்கள் அண்ணாமலையே அனலடிக்கும்போதும் மணிக்கட்டு வரை துணி, காலில் சாக்ஸ்.

விரல்களை மட்டும் மறைக்க முடியாது. அதற்கு வாய் இருக்கிறது. மனு கொடுக்க வந்த ஒருவர் ஒருநாள் குனிந்து பார்த்து, "இன்னாம்மா இது கையில?" என்று கேட்டாராம்.

"மேப்பு சார். எந்த ஊருக்குப் போவணும் சொல்லுங்க, வழி காட்றேன்."

இந்த வாய்க்காரி, சின்ன வயதில் தண்ணீர்ப் பைத்தியமாக இருந்தவள். அடி அண்ணாமலையில் அவர்கள் கழனிக் கிணற்றில் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிப்பாள் என்று என் வீட்டுக்காரர் இன்றும் சொல்வார். புள்ளி வந்த பிறகு, யார் கண்முன்னும் அவள் தண்ணீரில் இறங்கியதில்லை. ஒருமுறை குடும்பமாகப் புதுச்சேரி போனோம். எல்லோரும் கடலில் நனைந்து கூத்தடித்தோம். மல்லிகா கரையில் உட்கார்ந்து எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தாள்.

மாடி அறை யுமிகோ

எங்கள் வீடு செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில், ரமணாசிரமம் பகுதியில். மாடியில் இரண்டு அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அப்படி வந்தவள்தான் யுமிகோ. பனிக்காலம் பிறந்தால் வந்துவிடுவாள், வெயில் தலைகாட்டினால் போய்விடுவாள். தமிழை என் அடுப்படியில் கற்றுக்கொண்டாள். அதனால் பண்டிதர் தமிழ் வராது, என் தமிழ்தான் வரும். "அக்கா, காரம் கம்மி. சட்னி ஜாஸ்தி" என்று அவள் கேட்பதைப் பார்த்துப் பால்காரர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

அவள் ஒருநாள் கைப்பேசியில் தன் ஊர்ப் படங்களைக் காட்டினாள். பாறைகளுக்கு நடுவே ஆவி பறக்கும் தண்ணீர். அதில் கழுத்து வரை மூழ்கிக் கண்மூடிக் கிடக்கும் பெண்கள்.

மல்லிகா அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "இதுல எல்லாரும் எறங்கலாமா யுமி?"

"எல்லாரும் எறங்கலாம். வாங்க நீங்க."

யுமிகோ மாடிக்குப் போன பிறகு மல்லிகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணி, சிரிக்கக் கூடாது. செத்துப் போறதுக்குள்ள அதுல ஒருவாட்டி எறங்கணும். நாலு பேரோட சேர்ந்து."

நான் சிரிக்கவில்லை. கவலைப்பட ஆரம்பித்தேன்.

ஜப்பானைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏழாம் வகுப்புப் பூகோளம்தான். அதில் சூரியன் முதலில் உதிக்கும் நாடு என்றும் இருந்தது, நிலநடுக்கம் அடிக்கடி வரும் நாடு என்றும் இருந்தது. நான் நிலநடுக்கத்தை மட்டும் மனசில் வைத்திருந்தேன். அது போதாதென்று என் மகன், "அம்மா, அங்க பச்சை குத்தினவங்களை நிறைய எடத்துல குளிக்க விட மாட்டாங்க" என்று ஒரு போடு போட்டான். பச்சைக்கே விடாதவர்கள் வெள்ளைக்கு விடுவார்களா? எனக்குத் தூக்கம் போனது.

மகன்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்தான். கிளம்புவதற்குள், ஏற்கெனவே ஊர் திரும்பியிருந்த யுமிகோவுக்குப் போன் செய்து, மல்லிகாவுக்குத் தெரியாமல், குடும்பமாகக் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிற தனித் தொட்டி ஒன்று ஏற்பாடு செய்யச் சொன்னேன். அதன் பிறகுதான் பெட்டியே கட்டினேன்.

நரகத்துக்கு டிக்கெட்

மாசி பிறந்திருந்தது. இங்கே வெயில் முளைத்துவிட்டது. அங்கே பல்லெல்லாம் தந்தியடித்தது. ஃபுகுவோகா விமான நிலையத்திலிருந்து பேருந்தில் மலைகளைக் கடந்து பெப்புவில் இறங்கியதும், எங்களை அழைத்துப்போக வந்திருந்த யுமிகோவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"யுமி, அங்க பாரு, வீடு எரியுது! யாரையாச்சும் கூப்பிடு!"

"எரியல அக்கா. எங்க ஊரு அப்படித்தான்."

சாக்கடை மூடியிலிருந்து புகை. வீட்டுக் கொல்லையில் நட்ட குழாயிலிருந்து புகை. மலைச்சரிவு முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தூண்கள். புகை இல்லை, ஆவி. பூமிக்கடியில் கொதிக்கிற தண்ணீர் மூச்சு விடுகிறதாம். ஊர் முழுக்க அவித்த முட்டை வாசனை. கால் வைக்கும் இடமெல்லாம் அடியில் உலை இருக்கிறது என்று தெரிந்ததும் நான் கொஞ்ச நேரம் குதிகாலைத் தூக்கியே நடந்தேன்.

"அண்ணி, மெதுவா நடந்தா மட்டும் பூமிக்குத் தெரியாதா?" என்றாள் மல்லிகா.

அந்த ஊரில் பார்க்க வேண்டிய முதல் இடம் நரகம். நான் சொல்லவில்லை, அவர்களே வைத்த பெயர். மனிதர் இறங்க முடியாதபடி கொதிக்கும் குளங்கள் அவை. டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஒரு நரகம் நீலம், துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலக்கியது மாதிரி. இன்னொன்று செக்கச் செவேலென்று செம்மண் குழம்பு. சுற்றிலும் ஜனங்கள் குழந்தை குட்டியோடு ஐஸ்கிரீம் தின்றுகொண்டு படம் எடுக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க அங்கே போகக் கூடாதென்று பயந்து பயந்து நடந்தவள் நான். வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மல்லிகா வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா தேடற?"

"எண்ணெய்க் கொப்பரை எங்கனு பாக்கறேன். நரகம்னா அதானே முக்கியம்? இங்க வெறும் வெந்நீர்தான் வெச்சிருக்காங்க."

மறுநாள் பக்கத்திலிருக்கும் யுஃபுயின் என்ற ஊருக்குப் போனோம். அங்கே ஒரு மலை, தலையில் இரண்டு சிகரம். வண்டியை விட்டு இறங்கியதும் எனக்கும் மல்லிகாவுக்கும் கை தானாகக் குவிந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மலையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

"இதைச் சுத்தி வர எத்தினி நேரம் ஆவும் யுமி?" என்று கேட்டாள் மல்லிகா.

யுமிகோ யோசித்தாள். "யாரும் சுத்த மாட்டாங்க. மேல ஏறுவாங்க."

"மேல ஏறுவாங்களா! காலால மிதிச்சா?" என்று நான் பதறினேன். அவர்கள் ஊர் மலை, அவர்கள் பாடு என்று மனசைத் தேற்றிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. மலையடியில் ஒரு சின்ன ஏரி. அடியில் வெந்நீர் ஊறுவதால் குளிர் காலையில் ஏரியே ஆவி விடுகிறது. அதன் கரையில் இலையில்லாத ஒரு கிளையில் வெள்ளைப் பூக்கள் மட்டும் பூத்திருந்தன. மல்லிகா அதைத் தொடாமல் முகர்ந்தாள்.

ஆவியில் வெந்த இட்லி

சாப்பாட்டுக்கு வருகிறேன். சாப்பாட்டைச் சொல்லாமல் ஊரைச் சொல்லி என்ன பயன்?

யுமிகோ தன் வீட்டில் ஒரு சூப் வைத்தாள். கோதுமை மாவைப் பிசைந்து, விரலால் நீளமாகப் பட்டையாக இழுத்து, கொதிக்கும் குழம்பில் போடுகிறார்கள். பரங்கிக்காய், கிழங்கு, காளான் எல்லாம் கூடவே வேகும். மீன் சாறு விடுவார்களாம், எனக்காகக் காளான் ஊறிய தண்ணீரை விட்டாள். அதே மாவுப் பட்டையை வேகவைத்து, வறுத்த சோயா மாவும் சர்க்கரையும் தூவித் தின்பண்டமாகவும் தந்தாள். ஒரு வாய் போட்டதும் பொட்டுக்கடலை மாவுருண்டை உதிர்ந்து தட்டில் கிடந்த மாதிரி இருந்தது. மல்லிகா கோழியை மாவில் தோய்த்துப் பொரித்ததை ஒரு கட்டு கட்டினாள். எலுமிச்சைக்குப் பங்காளி மாதிரி ஒரு பச்சைக் காயை அதன் மேல் பிழிகிறார்கள். "அண்ணி, உங்களுக்கு ஒண்ணும் வேணாமே?" என்று கேட்டுக்கொண்டே தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அந்த ஊரில் சமையலுக்குப் பொதுவான ஆவி அடுப்புகள் இருக்கின்றன. கல்லில் கட்டிய தொட்டி, மேலே மூடி, அடியிலிருந்து பூமியின் ஆவி. கூடையில் முட்டை, சோளம், வள்ளிக்கிழங்கு வைத்து இறக்கினால் சற்று நேரத்தில் வெந்துவிடும்.

நான் பெட்டியைத் திறந்தேன். வறுத்த ரவையும், ஒரு இட்லித் தட்டும் ஊரிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். வெளிநாட்டில் பட்டினி கிடந்து சாவோம் என்பது என் கவலைகளில் ஒன்று. யுமிகோ வாங்கிவந்த தயிரில் ரவையைக் கலந்து, தட்டில் ஊற்றி, கையுறை போட்டுக்கொண்டு ஆவிக்குள் இறக்கினேன். பக்கத்து அடுப்புக்காரர்கள் தங்கள் முட்டையை மறந்துவிட்டு எங்கள் அடுப்பைச் சுற்றி நின்றார்கள்.

மூடியைத் தூக்கியபோது வெள்ளை வெளேரென்று உப்பி இருந்தது. உப்பு போட மறந்திருந்தேன். ஆனால் அந்த ஆவிக்கே ஒரு மெல்லிய உப்பு உண்டு போல, வாயில் வைத்தால் சரியாக இருந்தது.

மல்லிகா ஒன்றைப் பிட்டு ஊதி ஊதித் தின்றாள். "எண்ணெய்க் கொப்பரைக்குப் பதிலா இட்லிப் பானை வெச்சிருக்காங்க அண்ணி. இப்படினு தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் பாவம் பண்ணியிருப்பேன்."

நான் சிரித்த சிரிப்பில் கவலையெல்லாம் எங்கேயோ போயிருந்தது. அப்போதுதான் யுமிகோ கபடமில்லாமல் சொன்னாள்: "அக்கா, நீங்க சொன்ன தனித் தொட்டி கெடைச்சிடுச்சு. நாளைக்கு நம்ம மூணு பேர் மட்டும். கதவு பூட்டிக்கலாம்."

மல்லிகா மெல்லுவதை நிறுத்தினாள்.

"நீங்க சொன்னீங்களா அண்ணி?"

"இல்லம்மா... யாராச்சும் எதாச்சும் சொல்லிட்டா... உனக்கு மனசு கஷ்டமாயிடுமேனு..."

"கதவைப் பூட்டிக்கினு குளிக்கறதைத்தான் நான் இத்தினி வருஷமா பண்றேன். எங்க வீட்டு பாத்ரூம்லயே அது நல்லா இருக்கு. அதுக்கு இன்னாத்துக்கு ஏரோப்ளேன்?"

அவள் மீதி இட்லியை வாயில் போட்டு, மென்று விழுங்கி, கை கழுவினாள்.

"யுமி, உங்க தெருக்காரங்க எங்க குளிப்பாங்க?"

"தெருக்கோடியில ஒண்ணு இருக்கு. சின்னது."

"நாளைக்கு அங்க போறோம்."

நல்லெண்ணெய்

விடிந்தால் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்குத் தலை முழுகும் நாள். கடல் தாண்டினால் கிழமை மாறிவிடுமா?

வெந்நீரில் இறங்கப் போகிறோம். வெறுந்தலையோடு இறங்கினால் உடம்பு சூடேறிக் கண் பொங்கிவிடாதா? துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்திருந்த நல்லெண்ணெய்ப் புட்டியை எடுத்தேன். உச்சியில் வைத்துத் தட்டி, காது மடல், புருவம் வரை தேய்த்துக்கொண்டேன். மல்லிகாவைக் கூப்பிட்டேன்.

"எனக்கு வேணாம். எனக்கு இருக்கற பயத்துல எண்ணெய் வேற வழுக்கும்."

அவள் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

போகும் வழியில் யுமிகோ முறைகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். முதலில் முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளிக்க வேண்டும். அழுக்கெல்லாம் போன பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி எல்லோருக்கும் பொது. துண்டு தண்ணீரில் படக் கூடாது, முடியைத் தூக்கிக் கட்ட வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. குளிருக்குச் சால்வையால் முக்காடு போட்டிருந்தேன்.

வாசலில் யாரோ தெரிந்தவர்களைப் பார்த்து யுமிகோ பேச நின்றுவிட, நாங்கள் இருவரும் உள்ளே போனோம். அந்த உடை மாற்றும் அறை. அந்தக் கொக்கி.

மல்லிகா சுவரைப் பார்த்து நின்றாள். கதவுக்கு அப்பால் யாரோ ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் மல்லிகா கொக்கிகளை மளமளவென்று கழற்றிவிட்டாள். கொக்கி ஒன்று தெறித்தே போனது. எல்லாவற்றையும் கூடையில் போட்டு, கையகலத் துண்டை எடுத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஆவி. நடுவில் தரைமட்டத்தில் ஒரு சதுரத் தொட்டி. அதில் ஐந்தாறு தலைகள். நான் யார் முகத்தையும் பார்க்காமல், ஆனால் யாராவது இவள் முதுகைப் பார்க்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்தேன். உடம்புக்குச் சோப்புப் போட்டேன். தலையைத் தொடவில்லை. எண்ணெய் ஊற வேண்டாமா? ஊறிய பிறகல்லவா சீயக்காய்!

மல்லிகா முதலில் இறங்கினாள். பாதம், முழங்கால், இடுப்பு. சூடு தாங்காமல் ஒரு முறை "ஸ்ஸ்" என்றாள். பிறகு கழுத்து வரை அமிழ்ந்தாள். நான் பின்னாலேயே இறங்கி, நம் ஊர்க் குளத்து வழக்கப்படி மூக்கைப் பிடித்து ஒரு முழுக்கும் போட்டுவிட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொண்டை அவிழ்ந்து பின்னல் தண்ணீரில் மிதந்தது.

எதிரே இருந்த ஒரு அம்மாள் தண்ணீரை உற்றுப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும். அகலமான தோள், மார்க்கெட்டில் கூவி விற்கிறவர் போன்ற குரல். அந்தக் குரலில் ஏதோ சத்தமாகச் சொன்னார். மற்றவர்களும் பார்த்தார்கள். அந்த அம்மாள் எழுந்து, எங்கள் பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டு, தண்ணீரைத் தள்ளியபடி வந்தார்.

நான் எதற்காக இத்தனை நாள் தூங்காமல் இருந்தேனோ அது வந்துவிட்டது.

என்ன செய்கிறேன் என்று தெரியாமலே எழுந்து நின்றேன். மல்லிகாவை மறைத்து இரண்டு கைகளையும் விரித்தேன். உடம்பில் ஒரு நூல் கிடையாது.

"இவளை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது! இது ஒட்டற நோய் இல்ல, டாக்டரே சொல்லியிருக்காரு! நாங்க இம்மாம் தூரம் வந்தது எதுக்கு தெரியுமா? இவ இங்கதான் குளிப்பா! எவ வந்து தடுக்கறீங்கனு பாக்கறேன்!"

குளியல் கூடம் அதிர்ந்தது. ஒரு வார்த்தை புரியாமல் அத்தனை பேரும் வாயைத் திறந்து பார்த்தார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு யுமிகோ ஓடிவந்தாள். அந்த அம்மாள் அவளிடம் படபடவென்று பேசினார். யுமிகோ தண்ணீரைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா... மல்லிகாவை யாரும் ஒண்ணும் சொல்லல. உங்க தலை! எண்ணெய்!"

நான் குனிந்து பார்த்தேன். என்னைச் சுற்றி, தெருவில் மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் தெரியுமே, அந்த மாதிரி வட்ட வட்டமாக வானவில் மிதந்தது. ஒரு வட்டம் நிதானமாக எதிர் கரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று திரும்பினேன். மல்லிகா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நரகத்துல இல்லாத எண்ணெய நீங்க கொண்டாந்துட்டீங்க அண்ணி!"

அந்தச் சிரிப்பு தொற்றியது. ஒட்டாத நோய் என்று இவ்வளவு நேரம் கத்தினேனே, அந்தச் சிரிப்பு மட்டும் ஒவ்வொருவராக ஒட்டிக்கொண்டே போனது. யுமிகோ, அப்புறம் மூலையில் இருந்த பெண், அப்புறம் அந்த அம்மாளே.

அவர் என் கையைப் பிடித்து வெளியே ஏற்றி, முக்காலியில் உட்கார வைத்தார். தன் ஷாம்புவை என் உச்சியில் கவிழ்த்தார். தீபாவளிக் குளியலில்கூட யாரும் என் தலையை அப்படித் தேய்த்ததில்லை. வாளி வாளியாக ஊற்றினார். முகர்ந்து பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் கவிழ்த்தார். மற்ற பெண்கள் வாளியால் தண்ணீரின் மேற்பரப்பை மொண்டு மொண்டு வெளியே கொட்டினார்கள். ஊற்றிலிருந்து புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருப்பதால் சீக்கிரம் தெளிந்துவிடும் என்று யுமிகோ சொன்னாள். நான் அவளிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர்கள் பதிலுக்கு என் நெற்றியில் வழியும் நுரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்தக் களேபரத்தில் மல்லிகாவும் ஒரு வாளியை எடுத்து, முழங்கை வரை, தோள் வரை வெளியே தெரிய, அவர்களோடு வரிசையாக நின்று மொண்டு கொட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எல்லோரும் திரும்ப அமிழ்ந்தார்கள். நடுவில் அவள்.

துடைத்துத் தலை துவட்டி வெளியே வந்தபோது யுமிகோ ஆளுக்கொரு பாட்டில் குளிர்ந்த பால் வாங்கித் தந்தாள். மல்லிகா ஒரே மூச்சில் பாதியைக் குடித்தாள். முகம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது.

"அண்ணி, ஒரு விஷயம் கவனிச்சீங்களா?"

"இன்னா?"

"என்னை ஒருத்தர்கூடப் பாக்கல. எல்லாரும் உங்களைத்தான் பாத்தாங்க."

செருப்பு

மறுநாள் காலை கண் விழித்தால் பக்கத்துப் படுக்கை காலி.

உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே. நிலநடுக்கம் வந்து இவளை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டதா? வழி தெரியாமல் எங்கேயாவது நின்று அழுகிறாளா? யுமிகோவை எழுப்பக்கூடத் தோன்றாமல் சால்வையைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினேன். வெளிச்சம் வந்திருந்தது. சாக்கடை மூடிகள் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. தெருக்கோடி வரை ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

குளியல் கூடத்து வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன. நடுவில், எங்கள் தேரடித் தெருக் கடையில் வாங்கிய அந்தப் பழுப்புச் செருப்பு. அதற்குள் சுருட்டி வைத்த சாக்ஸ்.

உள்ளே போகக் கையை வைத்தேன். அப்போது சுவரின் உச்சியில் ஆவி போக வைத்த சன்னல் வழியாக அவள் சிரிப்பு கேட்டது. அந்த மார்க்கெட் குரலும் கேட்டது. இவள் தமிழில் ஏதோ சொல்கிறாள், அந்த அம்மாள் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்கிறார், இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

கையை எடுத்துவிட்டேன்.

வாசலுக்குப் பக்கத்தில் வழிப்போக்கர்கள் கால் நனைத்துக்கொள்ள ஒரு சின்ன வெந்நீர் வாய்க்கால், பக்கத்தில் மரப்பலகை. புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு உட்கார்ந்து காலை விட்டேன். இதமாக இருந்தது. ஊரில் என் வீட்டுக்காரர் கேஸ் அடுப்பை மூடினாரா என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். மல்லிகாவின் செருப்பு என் கண்முன்னாலேயே இருந்தது. அதற்குக் காவலாக நான் இருந்தேன்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. ஆவி முதலில் வந்தது. பின்னால் தலை மட்டும் நீட்டி மல்லிகா. உள்ளே இருந்தபடியே துண்டைச் சுற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஈரமான வெறும் தோள், வெறும் கை, வெள்ளையும் மாநிறமுமாகக் காலை வெயிலில் மின்னியது. அவளுக்கு அது நினைவில்கூட இல்லை.

"நீங்க இங்கதான் இருப்பீங்கனு தெரியும் அண்ணி. அந்தம்மா உங்களைக் கேக்கறாங்க."

"என்னையா? இன்னா கேக்கறாங்க? இன்னும் கோவமா இருக்காங்களா? எண்ணெய் போவலையாமா?"

"பேச்சு புரியல. தன் தலையத் தொட்டாங்க, இப்படித் தேச்சுக் காட்டினாங்க, அப்பால இல்லனு கையை ஆட்டினாங்க, உள்ள வரச் சொல்லிக் கூப்பிட்டாங்க." மல்லிகா என் உச்சந்தலையைக் கூர்ந்து பார்த்தாள். "இன்னிக்கு எண்ணெய் வெக்கலல்ல?"

"இல்லம்மா."

"அப்ப வாங்க. தண்ணி ஆறிடப் போவுது."

அது ஆறாது. பூமிக்குள்ளிருந்து வருகிற தண்ணீர். ஆனாலும் நான் சால்வையை அங்கேயே போட்டுவிட்டு, என் செருப்பை அவள் செருப்புக்குப் பக்கத்தில் கழற்றி, உள்ளே ஓடினேன்.